இரண்டாவது அடியாள்

முதல் அடி விழுந்தது ஃபெர்மின் மீதா, என் மீதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இருவர் தலையிலும் கறுப்புத் துணிப்பையை மாட்டியிருந்தார்கள். நான் சொல்லப்போவதெல்லாம் காதால் கேட்டது. கேட்டதிலும் பாதி மழைச் சத்தம்.

மெக்சிகோ நகரின் தெற்கே ஒரு படப்பிடிப்பைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வாடகைக் காரில் ஏறியிருந்தோம். ஃபெர்மின் ஒல்வேரா எங்கள் பத்திரிகையின் சினிமா விமர்சகர். நான் அவருடன் போகும் புகைப்படக்காரன். ஒரு சிக்னலில் இரண்டு பக்கக் கதவுகளும் திறந்தன, ஆளுக்கொரு பக்கமாக இருவர் ஏறினார்கள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனும் அவர்கள் ஆள்.

"குனி. தலைய முட்டிக்குள்ள வை. கத்தினா, இந்த ரோட்ட மழை கழுவாது, உன் ரத்தம் கழுவும்."

சொன்னவன் சற்று நிறுத்தினான். பிறகு அதையே மறுபடி சொன்னான். இந்த முறை மெதுவாக, 'ரத்தம்' என்பதற்கு முன்னால் மூச்சை ஒரு கணம் பிடித்துவைத்து. நான் தலையை முட்டிக்குள் இன்னும் அழுத்திக்கொண்டேன்.

மற்றவனுக்குப் பேச்சில் நம்பிக்கை இல்லை. கேமராவை விடாமல் பிடித்திருந்த என் விரலை ஒடித்தான். துப்பாக்கியின் பிடியால் ஃபெர்மினின் வாயில் குத்தினான். பல் ஒன்று காரின் தரையில் விழுந்ததைக் கேட்டேன், அல்லது கேட்டதாக நினைக்கிறேன்.

கார் மலைப்பாதையில் ஏறி ஓரிடத்தில் நின்றது. மூவரும் இறங்கி மரத்தடிக்குப் போய் எதையோ தின்றார்கள். பன்றி இறைச்சியும் வெங்காயமும் மணத்தன.

ஃபெர்மின் என் பக்கம் சாய்ந்தார். "அந்தக் குரல் எனக்குத் தெரியும்டா."

"பேசாதீங்க."

"பல்தசார் கிரோஸ். நடிகன். ஒரு படத்துல பாதிரியாரக் கொல்ல வர்ற ரெண்டாவது அடியாள். அந்தப் படத்துல உருப்படியா நடிச்சது அவன் ஒருத்தன்தான்."

அவர் வேலை செய்யும் முறை அது. மெக்சிகோவோ, ஸ்பெயினோ, அர்ஜென்டினாவோ, எந்தப் படமானாலும் இரண்டு முறை பார்ப்பார். இரண்டாம் முறை நாயகனை விட்டுவிட்டுத் திரையின் ஓரத்தில் நிற்பவர்களை மட்டும் பார்ப்பார். அவர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதவும் செய்வார். இடமில்லை என்று ஆசிரியர் முதலில் வெட்டுவது அந்தப் பத்தியைத்தான்.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டோம்னா நம்மள உயிரோட விட மாட்டானுங்க," என்றார். வாயில் ரத்தம் நிறைந்து வார்த்தை குழறியது. "நாம எதையும் கேக்கல. புரியுதா?"

நான் தலையாட்டினேன். பைக்குள் ஆட்டிய தலையை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் தோள்பைகளைக் குடையும் சத்தம். சட்டென்று அது நின்றது.

"விமர்சனம் எழுதுற ஒல்வேராவா நீங்க?" அதே குரல். 'உன்' போய் 'நீங்க' வந்திருந்தது.

"ஆமா."

"எல்லாப் படமும் பாப்பீங்களோ?"

"ஸ்பானிஷ்ல வர்றது எல்லாம்."

"எவ்வளவு காலமா?"

"உன் வயசு இருக்கும்பா."

"டேய், கடத்த வந்தியா, பேட்டி எடுக்க வந்தியா?" மற்றவன் சிரித்தான். "அப்படியே ஒரு ஆட்டோகிராஃப் வாங்கிக்க. எறக்கி விட்டுட்டு வா, போலாம்."

எங்களை வெளியே இழுத்துச் சேற்றில் மண்டியிட வைத்தார்கள். உயிரோடு விடப் போகிறார்கள் என்று புரிந்தது. காரின் இன்ஜின் உறுமியது. ஆனால் காலடிச் சத்தம் ஒன்று மட்டும் எங்கள் முன்னாலேயே நின்றது.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. என் குரல எங்கயாச்சும் கேட்டிருக்கீங்களா?"

"இல்ல," என்றார் ஃபெர்மின்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் அவசரப்படவில்லை. நினைவைத் துழாவுகிறவர்போல் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு, கொஞ்சம் வருத்தத்தோடுகூட, "சத்தியமா இல்லப்பா. நீ யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார். அதைவிட நல்ல நடிப்பை நான் கேட்டதில்லை.

காலடிச் சத்தம் இரண்டடி விலகி நின்றது.

பிறகு இரண்டு வெடிச் சத்தம்.

"பைத்தியக்காரா! என்னடா பண்ணித் தொலச்ச!" என்று காரிலிருந்து மற்றவன் அலறினான். கதவு அறைந்து மூடியது. அவர்கள் போய்விட்டார்கள்.

ஃபெர்மின் அங்கேயே இறந்தார். என் விரல் வளைந்தபடியே சேர்ந்துகொண்டது. ஓட்டுநர் பிடிபட்டான், விரலை ஒடித்தவன் இன்றுவரை பிடிபடவில்லை. பல்தசார் கிரோஸ் ஆயுள் முடியும்வரை சிறையில் இருப்பான்.

விசாரணையில்தான் அவன் முகத்தை நேரில் பார்த்தேன். ஃபெர்மினின் பொய்யில் எங்கோ ஒரு பிசிறு இருந்திருக்கிறது, அதை அவன் கண்டுகொண்டான் என்றே அதுவரை நம்பியிருந்தேன். நீதிபதி அம்மாளும் அப்படித்தான் நினைத்தார் போலிருக்கிறது.

"உன்னைத் தெரியாதுன்னு சொன்ன மனுஷனை ஏன் சுட்ட? அவர் சொன்னத நீ நம்பலயா?"

பல்தசார் நிமிர்ந்தான்.

"நம்பினேம்மா. அதனாலதான்."