எட்டு ரூபாய் பாக்கி
ஜவளகிரியில் இன்றைக்கு ஓர் உயிரின் விலை முப்பது ரூபாய். கூலியைச் சொல்லிவிட்டு, டார்ச்சில் உப்பிப்போன பேட்டரியைப் பிடுங்கிப் போடுகிறார் ரிப்பேர் கடைக்காரர் கௌஸ் பாஷா. பூங்கொடி தன் செல்போனைப் பிரித்து அதன் பேட்டரியை நீட்டுகிறாள். ஈயம் புகைகிறது; சிவப்பு ஒயர் ஒட்டாமல் வழுக்குகிறது. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது. அறுப்புக்கு நிற்கும் ராகியை விட்டு வரமாட்டேன் என்று அவள் புருஷன் பூபதி கொல்லைக் காவல் பரணில் வெளிச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். காட்டோரம் மூங்கில் முறிகிற சத்தம் கடைவரை கேட்கிறது. “சீக்கிரம் பாய், யானை இறங்கிடுச்சு.” “அதைக் கொஞ்சம் நிக்கச் சொல்லும்மா, ஈயம் இறுகட்டும்” என்கிறார், ஒயரை அழுத்திப் பிடித்தபடி. டார்ச் பளிச்சென்று எரிகிறது. அவள் முந்தானை முடிச்சில் இருபத்திரண்டு ரூபாய்தான் இருக்கிறது. “மீதியை நாளைக்கு நான் தந்துடறேன் பாய்.” “உங்கிட்ட வாங்கமாட்டேன். காலைல பூபதியே வந்து தரணும்.” அவள் ஓடுகிறாள். வரவு இருபத்திரண்டு, எட்டு ரூபாய் பூபதி பேரில் நிற்கிறது.