பக்கத்து வீட்டு ஆட்சேபணை

“யார் யார் இருந்தாங்க, எங்கெங்க உட்கார்ந்தாங்கன்னு முதல்ல எழுதிக்குங்க சார். பின்னாடி பேச்சு வரக் கூடாது பாருங்க” என்றார் ஹெட்கிளார்க்.

துப்பாக்கி உரிமப் பிரிவிலிருந்து விசாரணைக்கு வந்திருந்த அதிகாரிக்கும் அது சரியென்றே பட்டது. எழுதிக்கொண்டார். ஜன்னலோர சோபாவில், உரிமம் கேட்டு விண்ணப்பித்திருக்கும் இந்த வீட்டுப் பல் டாக்டர். வாசற்பக்கத்து ஸ்டூலில், ‘உட்காரவே மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த பக்கத்து வீட்டு ஹெட்கிளார்க். மடியில் தலையணை மாதிரி ஒரு ஃபைல். இருவருக்கும் நடுவே பிரம்பு நாற்காலியில் தாம்.

“டாக்டரம்மா, துப்பாக்கி எதுக்கு?”

“மூணு வருஷமா கிளப் ரைஃபிள்லதான் குறி பார்த்துப் பழகறேன் சார். இப்ப போட்டிக்கு டீம்ல எடுத்திருக்காங்க. முப்பதாம் தேதிக்குள்ள என் பேர்ல லைசென்ஸ் இல்லேன்னா பேரை அடிச்சிடுவாங்க.”

“வீட்ல வேற யாரு?”

“நான் மட்டும்தான்.”

“சார் வீட்ல?” அதிகாரி ஸ்டூல் பக்கம் திரும்பினார்.

“எனக்கும் நானேதான் துணை. என்னை எதுக்குக் கேக்கறீங்க? அவங்களைக் கேளுங்க.”

“அக்கம்பக்கத்து ஆட்சேபணையைக் கேட்டாகணும்னு விதி. உங்களுக்கு ஏதாவது இருக்கா?”

“இருக்காவா? பதினோரு வருஷம். நாற்பத்திரண்டு புகார்க் கடிதம். எல்லாம் இவங்களுக்கு நான் எழுதினது. நகல் இதுல இருக்கு.” ஃபைலை ஓங்கித் தட்டினார். துளி தூசி பறக்கவில்லை.

டாக்டரின் முகம் பல் பிடுங்க வந்தவர் முகம் போல ஆனது.

“புகார் எண் ஒன்று. ராத்திரி பத்து மணிக்குக் கதவைப் பூட்டிட்டு, மூணு தடவை இழுத்து இழுத்துப் பார்க்கறாங்க. புகார் எண் ஏழு. படுத்தவங்க எழுந்து வந்து மறுபடியும் இழுக்கறாங்க. புகார் எண் பன்னிரண்டு. கேட்டுக்கு ரெண்டாவது பூட்டு வாங்கியிருக்காங்க. அதையும் இழுக்கறாங்க!”

அதிகாரி பேனாவை நிறுத்தினார். “சார், இது ஆட்சேபணையா, சிபாரிசா? துப்பாக்கி வச்சிருக்கறவங்க இப்படிப் பூட்டணும்னுதானே நாங்க தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறோம்!”

டாக்டர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார். ஹெட்கிளார்க்கின் காது சிவந்தது.

“இருங்க, இருங்க. புகார் எண் இருபது. குடையில்லாம மழையில நனைஞ்சுட்டு வந்தாங்க.”

“அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?”

“விடிய விடிய இருமல். நடுச்சுவர் மெல்லிசு சார்!”

“குடையை அன்னிக்குக் கிளினிக்லயே மறந்துட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்” என்றார் டாக்டர்.

“நாலடி தூரத்துல உட்கார்ந்திருக்கார். நீங்களே சொல்லலாமே?”

“நேர்ல பேசினதே இல்லை. எல்லாம் தபால்லதான் வரும்.”

“பக்கத்து வீட்டுக்கா?”

“ஸ்டாம்ப் ஒட்டித்தான்” என்றார் ஹெட்கிளார்க் மிடுக்காக. “முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அதிகாரி எழுந்தார். “சரி, துப்பாக்கி வைக்கப்போற பெட்டியைப் பார்த்துடலாம்.”

உள்ளறையில், சுவரோடு நாலு போல்ட் போட்டு முடுக்கிய இரும்புப் பெட்டி. அதிகாரி தம் பலத்தையெல்லாம் கூட்டி அசைத்தார்; அவர்தான் அசைந்தார். தோட்டாக்களுக்குத் தனிப் பெட்டி, அதற்குத் தனிச் சாவி. எல்லாம் கனகச்சிதம்.

“திறங்கம்மா.”

டாக்டர் கையைப் பிசைந்தார். “திறக்கணுமா? அதுவும்... இவர் இருக்கும்போதா?”

“பார்த்தீங்களா!” ஹெட்கிளார்க் ஒரு துள்ளுத் துள்ளினார். “துப்பாக்கி வர்றதுக்கு முன்னாடியே எதையோ ஒளிக்கறாங்க. எழுதிக்குங்க, நாற்பத்து மூணாவது ஆட்சேபணை!”

“திறந்து காட்டலேன்னா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. பெட்டியில துப்பாக்கியைத் தவிர வேற எதுவும் இருக்கக் கூடாது.”

முப்பதாம் தேதியை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

உள்ளே நாற்பத்திரண்டு கடிதங்கள். தேதிவாரியாக அடுக்கி, நாடா போட்டுக் கட்டியிருந்தன. மேலே இருந்ததை அதிகாரி எடுத்து வாசித்தார்: ‘மதிப்பிற்குரிய அம்மா, கடந்த மூன்று நாட்களாகத் தாங்கள் கதவை இழுக்கும் சத்தம் கேட்கவில்லை. இதனால் எனக்கு அறவே தூக்கம் இல்லை. நலந்தானா என்பதை மறு தபாலில் தெரிவிக்கவும்.’

அதிகாரி கடிதத்தைப் பழையபடி மடித்தார்.

“எனக்கு வர்ற தபால்ல மத்ததெல்லாம் பற்பசை விளம்பரம்தான் சார்” என்றார் டாக்டர் தரையைப் பார்த்தபடி. “கடிதம்னா இது மட்டும்தான்.”

அதிகாரி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இருந்தாலும் விதி விதிதாம்மா. இதையெல்லாம் வேற இடத்துல வைக்கணும்.”

ஹெட்கிளார்க் முதன்முறையாக டாக்டரை நேராகப் பார்த்தார். “எங்க வீட்டு பீரோவுல... ஒரு தட்டு காலியா இருக்குங்க.”

“கடிதத்துக்கு அது போதும்” என்றார் டாக்டர், அவரும் நேராகவே. “எனக்கு?”

அரை மணி கழித்து, ‘ஆட்சேபணை: இல்லை. சிபாரிசு செய்கிறேன்’ என்பதற்குக் கீழே, ‘உரிமத்தைப் பக்கத்து வீட்டு முகவரிக்கு அனுப்பவும், பெட்டியை அங்கே மாட்டியதும் மறுபடி வந்து பார்க்கிறேன், கல்யாணச் சாப்பாடும் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்’ என்று எழுதி, உறையை ஒட்டி, அதிகாரி தபாலில் சேர்த்தார்.