கைக்குழந்தை வீட்டுப் பால்

"இன்னிக்கும் கொட்டிக் கிடக்கு, வந்து பாருங்கக்கா!"

வாசலில் நின்று கத்தினாள் டீலியா. பால்காரர் ஸ்ட்ரங்க் ஊற்றிவிட்டுப் போன பால் படியெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஜாடி கவிழ்ந்து கிடந்தது.

எதிர்வீட்டு டான்ஸி எட்டிப் பார்த்தாள்.

"என் ஜாடியை யாரும் தொடலையே! கைக்குழந்தை இருக்கிற வீடாப் பார்த்துல்ல கொட்டறாங்க?"

"யாரா இருக்கும்?"

"இதுகூடவா தெரியலை?" டான்ஸியின் கண் மேல்மாடிக்குப் போனது.

அங்கே குடியிருப்பவள் ஒட்டீலி. ஜெர்மன்காரி. போன கோடையில் அவள் மகனைக் குழந்தைக் காலரா கொண்டுபோய்விட்டது. வாந்தியும் பேதியுமாகத் துவண்டுபோனான். இந்தக் கோடையிலும் அவர்கள் குடியிருந்த கென்சிங்டனில், தெருவுக்கு ஒரு கதவிலாவது குழந்தை இறந்த வீடென்று காட்டும் வெள்ளைத் துணி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"தன் மடி காலியாப் போச்சேன்னு வயித்தெரிச்சல். ஊரார் பிள்ளையும் பட்டினி கிடக்கட்டும்னு நினைக்கிறா" என்றாள் டான்ஸி.

 டீலியாவுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. இந்தப் பாலும் இல்லையென்றால் குழந்தை ஊனாவுக்குப் பார்லிக் கஞ்சித் தண்ணிதான்.

அந்த நேரம் பார்த்து வாளியோடு படியிறங்கி வந்தாள் ஒட்டீலி.

"ஏன் அழறா ஊனா? பசியா?"

"என் பொண்ணு பேரை உன் வாயால சொல்லாதே!"

 ஒட்டீலி வாளியோடு குழாயடிக்குப் போய்விட்டாள்.

"பார்த்தியா? குத்தமுள்ள நெஞ்சு! வாயே திறக்கலை" என்றாள் டான்ஸி.

மறுநாள் பொழுது விடியும்போதே கதவிடுக்கில் காத்திருந்தாள் டீலியா.

மணி குலுங்க வண்டி வந்தது. ஸ்ட்ரங்க் ஜாடியில் பாலை ஊற்றினார். "பாப்பாவுக்கு இது!" என்று வழக்கம்போல் கொசுறும் ஊற்றிவிட்டுப் போனார்.

சற்று நேரத்தில் காலடிச் சத்தம். தலையில் முக்காடிட்ட ஒருத்தி குனிந்து ஜாடியைக் கவிழ்த்தாள்.

டீலியா பாய்ந்து முக்காட்டைப் பற்றினாள்.

"மாட்டினியா ஒட்டீலி!"

"என்ன டீலியா?"

குரல் மேலேயிருந்து வந்தது. மாடிப்படியில், தூக்கம் கலையாத கண்ணோடு நின்றிருந்தாள் ஒட்டீலி.

முக்காடு கையோடு வந்தது. முன்பின் பார்த்திராத முகம்.

டீலியாவால் ஒட்டீலியை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கமும் கோபமாகி இந்தப் புதியவள் மேல் திரும்பியது.

துடைப்பத்தோடு ஓடி வந்தாள் டான்ஸி. "யாருடி நீ? பச்சைக் குழந்தை வயித்துல அடிக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா? போலீஸைக் கூப்பிடறேன் இரு!"

அவள் திமிறவில்லை.

"கூப்பிடுங்க. ஆனா ஜாடியில மிச்சம் இருக்கே, அதைக் குழந்தைக்குக் கொடுத்துடாதீங்க."

"அந்தப் பாலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" டீலியா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

தெருக்கோடியில் வண்டியின் மணிச்சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அவள் வாய் திறக்கவில்லை. பிறகு சொன்னாள்.

"நான் ஸ்ட்ரங்க்கோட சம்சாரம். எங்க வீட்லயும் கைக்குழந்தை இருக்கு. இந்தப் பாலை அவர் எங்க வாசப்படி ஏத்தறதே இல்லை."