ஒரு நாள் மரியாதை

பெந்தா பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே நான் முடிவு செய்துவிட்டேன். முதலில் அவள் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அவளுடைய அப்பா போய்விட்டார் என்பதை அதற்கப்புறம்தான் சொல்ல வேண்டும்.

மூன்று மணி வண்டியில் ஏற்றிவிட்டால் விடிய விடியப் பயணம். செனகல் ஆற்றங்கரையில் இருக்கிறது அவள் ஊர். விஷயம் தெரிந்துவிட்டால் வழியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கு டீச்சராக வந்த நாளிலிருந்து, மூன்று வருஷமாக, எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா?

என் புருஷன் லத்தீருக்கும் சொல்லியிருந்தேன். அவர் பாயில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வயசு மகள் மோசானுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

மீன்சோற்றுத் தாம்பாளத்தை நடுவில் வைத்தேன்.

"கை கழுவிட்டு உக்காரும்மா" என்றேன் பெந்தாவிடம்.

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நாங்கள் செரேர் இனம், கடற்கரைக்காரர்கள். அவள் ஃபுலா, மாடு மேய்க்கிற கூட்டம். இந்த இரண்டு கூட்டமும் கண்ட இடத்தில் ஒருவரையொருவர் வைதுகொள்ள வேண்டும், எழவு வீடாக இருந்தாலும் சரி. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வையாமல் விட்டால்தான் குற்றம்.

அவளை நான் ஒரு நாளும் 'ம்மா' போட்டதில்லை. "வந்துட்டாடா என் அடிமை, பால் திருடி" என்பேன். "எந்திரிடி, உன் மகாராணி வந்திருக்கேன்" என்று என்னை இடித்துத் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்காருவாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். கூசாமல் 'டி' போடுவாள்.

மீனைப் பிய்த்து அவரவர் பக்கம் தள்ளுவது என் வேலை. அவளுக்கு எப்போதும் தலையும் முள்ளும்தான். "மாட்டுக்காரிக்கு மீன் ருசி என்ன தெரியும்" என்று சொல்லித் தள்ளுவேன். சோற்றுக்கடியில் அவள் பக்கமாக ஒரு நல்ல துண்டை முன்பே புதைத்திருப்பேன். தோண்டி எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் தின்பாள்.

அன்றைக்குப் புதைக்கத் தோன்றவில்லை. வயிற்றுப்பக்கச் சதையை முள் பார்த்துப் பிய்த்து, எல்லார் கண் முன்னாலும் அவள் பக்கம் வைத்தேன். பிறகு இன்னொரு துண்டு. பிறகு இன்னொன்று.

"என்னடி மீன்நாத்தம், வாயில முள்ளு குத்திக்கிச்சா?" என்று சிரித்தாள்.

பதிலுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவள் மாடுகள் இருக்கின்றன, அவள் அகல நெற்றி இருக்கிறது, கடலைக் கண்டு பயந்து ஓடிய கதை இருக்கிறது. மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்த வசவுகள். ஒன்றாவது வாய்க்கு வரவேண்டுமே.

"நல்லா சாப்பிடும்மா" என்றேன்.

மோசான் கிளுக்கென்று சிரித்தாள். "அம்மா இன்னைக்கு விருந்தாளிகிட்டப் பேசுற மாதிரி பேசுது!"

லத்தீர் தன் பக்கம் இருந்த மரவள்ளிக்கிழங்கையும் நகர்த்தி பெந்தாவின் பக்கம் தள்ளினார். அவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார், பாவம்.

பெந்தா தன் முன்னால் குவிந்திருந்ததைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னை. உருட்டிய சோறு அவள் கையிலேயே இருந்தது. நாலு வாய்கூடச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"யாரு, அக்கா?" என்றாள். "அப்பாவா?"

ஒரே ஒரு வசவு வந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் பத்து வாய் சாப்பிட்டிருக்கும். பாவி, அதுகூட எனக்குக் கைகூடவில்லை.

அவள் கத்தவில்லை. கையிலிருந்த சோற்றை வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். எழுந்து கை கழுவினாள். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"எப்ப போன் வந்துச்சு?"

"இப்பதான், நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

அவளைப் பிறகு சொந்த ஊர்ப் பள்ளிக்கே மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் பெருநாளுக்குப் பெருநாள் போனில் கூப்பிட்டு 'மீன்நாத்தம்' என்று வைகிறாள். நானும் வைகிறேன். 'எனக்குச் சோறு போட்டுட்டுத்தான் சொல்லணும்னு தவிச்சா எங்க அக்கா' என்று அங்கே எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறாளாம். அதைக் கேட்கிற அன்றெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நான் சொன்னது பொய் இல்லை. அந்தப் போன் அவள் வருவதற்குச் சற்று முன்னால்தான் வந்தது. ஆனால் அது இரண்டாவது போன்.

முதல் போன் காலை பத்து மணிக்கு வந்தது. வகுப்பு நேரத்தில் அவள் போனை அணைத்து வைத்திருப்பாள், அதனால் அவள் அண்ணன் என்னைக் கூப்பிட்டான். அப்பாவுக்கு முடியவில்லை, மகள் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்கிறார், கொஞ்சம் பள்ளி வரைக்கும் போய்ப் போனை அவளிடம் கொடுக்க முடியுமா என்றான்.

பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி.

"மத்தியானம் சாப்பிட வருவா, சாப்பிட்டதும் பேசச் சொல்றேன்" என்றேன். எண்ணெயில் மீன் கிடந்தது, கருகிவிடும் என்று போனை வைத்துவிட்டேன்.