முறுக்கன் விட்ட பிடி

ஒரு தமனியின் சுவரில் முறுக்கன் என்றொரு தசை செல் இருந்தது. ரத்தக் குழாயை இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. உள்ளே கால்சியம் வந்தால் இறுக்கும். கால்சியம் அளவு மீறினால் அதன் தோலில் இருந்த சின்னக் கதவு தானாகத் திறந்து பொட்டாசியத்தை வெளியே அனுப்பும். உடனே கால்சியம் வரும் வழி அடைபட்டு, பிடி தளரும்.

முறுக்கனுக்கு இது பிடிக்கவில்லை. “நான் மும்முரமா வேலை செய்யுற நேரம் பார்த்து வீட்டுச் சொத்தை வெளியே அனுப்புறியே. இனிமே திறக்காதே” என்றது.

“சரிங்க” என்று கதவு மூடிக்கொண்டது.

முறுக்கன் ஆசைதீர இறுக்கியது. அதைப் பார்த்துப் பக்கத்துச் செல்களும் தங்கள் கதவுகளை மூடிவிட்டு இறுக்கின. குழாய் சுருங்கி, ரத்தம் நூலாக ஓடியது. அந்த ரத்தத்தை நம்பியிருந்த இடமெல்லாம் வலியில் முனகியது.

போதும், விட்டுவிடலாம் என்று நினைத்தது முறுக்கன். ஆனால் உள்ளே கால்சியம் வந்துகொண்டே இருந்ததால், முயல முயலப் பிடி இறுகியதே தவிர, தளரவில்லை.

“கொஞ்சம் திறயேன்” என்றது கதவிடம், யார் காதிலும் விழாதபடி.

கதவு மறுபேச்சில்லாமல் திறந்தது. பொட்டாசியம் வெளியே போனது, கால்சியத்தின் வழி அடைபட்டது, பிடி விட்டது. பக்கத்துச் செல்களும் அப்படியே செய்ய, ரத்தம் மடமடவென்று பாய்ந்தது.

“நல்லவேளை, விட்டீங்க” என்றது பக்கத்துச் செல்.

“பாவம், கஷ்டப்படுறாங்களேன்னு நான்தான் மனசு இரங்கி விட்டேன்” என்றது முறுக்கன்.

கதவு அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த பொட்டாசியத்துக்கு வழிவிட்டது.