வலது கால்

கல்கத்தா லேக் கார்டன்ஸில் நடந்த கணினிப் பயிலரங்கில், ஆளுக்கொரு நடனத்தை அசைவு அசைவாக நிரலாக எழுத வேண்டும். இணையப் பக்கத்தில் ஒரு கோட்டுருவம் அதை ஆடிக் காட்டும். ஜலஜா மாமியின் உருவம் மட்டும் வலது காலை இழுத்து இழுத்து ஆடியது.

பயிற்சியாளன் சிவராமுக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாமி டீ குடித்துவிட்டு வருவதற்குள் திருத்திவிட்டான்.

"ப்ரோக்ராம்ல தப்பு, மாமி. சரி பண்ணிட்டேன், பாருங்கோ!"

உருவம் துள்ளிச் சுழன்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"பழசு இருக்காப்பா?" என்றாள் மாமி.

"அதுமேலயே சேவ் பண்ணிட்டேனே. ஏன் மாமி?"

"எம்பொண்ணுக்குப் போலியோ. அப்படித்தான் ஆடுவா. அவ போனப்புறம் அந்த ஆட்டம் எனக்கே மறந்துண்டு வரதுன்னுதான் எழுதி வெச்சேன்."

சிவராம் திரும்பிப் பார்த்தான். திரையில் யாரோ ஒரு பெண் பிசகே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள்.