வரிசையில் மூன்றாவது ஆள்

"தெரியலைன்னு எழுதறதுக்கு ஒரு படிப்பாம்மா? அதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. எழுந்து நின்ற மாணவி தன் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றவியல் நீதித் துறையின் முதலாண்டு மாணவர்களுக்கு, அப்படிக் கேட்ட பேராசிரியர் நடத்தும் செய்முறைத் தேர்வு பல்கலைக்கழகம் முழுவதும் பிரசித்தம். காவல்துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்று, அதன்பின் கற்பிக்க வந்தவர் அவர். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவன் ஓடிவந்து மேசைமேல் இருக்கும் பையைப் பறித்துக்கொண்டு மறைவான். எல்லாம் முன்னேற்பாடுதான். ஒரு மணி நேரம் கழித்து ஐந்து பேரை வரிசையாக நிறுத்துவார். பறித்தவன் எவன் என்று எழுதித் தர வேண்டும்.

இம்முறை நாற்பத்தொரு பேரில் நாற்பது பேர் மூன்றாவது ஆளைக் காட்டினார்கள். அவர் துறையின் வாயிற்காவலர். நீலச் சட்டை அணிந்திருந்தார். பறித்தவனும் நீலச் சட்டைதான் அணிந்திருந்தான். ஆனால் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு ஐந்தாவதாக நின்றிருந்தான்.

"நாப்பது பேரும் என்னையே காட்டினா எப்படி சார்?" என்றார் வாயிற்காவலர். "எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு!"

பேராசிரியர் சிரித்தபடி, ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான தம் பென்சிலை எடுத்தார். தவறாகக் காட்டிய நாற்பது பேருக்கும் பாதி மதிப்பெண் போட்டார்.

"தப்பா சொன்னாலும் துணிஞ்சு சொன்னாங்க. உறுதியா பேசற சாட்சி இருந்தாத்தான் கேஸ் நிக்கும்."

'தெரியலை' என்று எழுதியவளுக்குச் சிவப்பு முனையால் ஒரு பூஜ்யம். இந்தத் தேர்வில் பூஜ்யம் வாங்கியவர் அடுத்த ஆண்டு இத்துறையில் தொடர முடியாது. வேறு துறைக்குத்தான் போக வேண்டும்.

பிற்பகலில் அவள் அவருடைய அறைக்கு வந்தாள்.

"வாம்மா. அழப் போறியா?"

"இல்லை சார்."

"நானும் கல் நெஞ்சுக்காரன் இல்லை. மூணாவது ஆள்னு ஒரு வரி எழுதிக் கொடு. பாதி மார்க் போட்டுடறேன். உன் சீட்டும் தப்பிச்சுடும்."

"மூணாவது ஆள் இல்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே சார்."

"அதனால என்ன? நாப்பது பேரோட நீ நாப்பத்தொண்ணு!"

"நான் என் மார்க்குக்காக வரலை சார். அவங்களுக்குப் போட்ட பாதி மார்க்கை எடுத்துடுங்கன்னு கேட்க வந்தேன்."

பேராசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரொம்ப நல்ல மனசும்மா உனக்கு! உனக்குக் கிடைக்கலைன்னா வேற யாருக்கும் கிடைக்கக்கூடாதா?"

அவள் மேசைமேல் இருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்தாள்.

"எனக்கு ஒன்பது வயசு இருக்கும்போது அப்பாவோட மருந்துக்கடையில திருட்டு நடந்துச்சு சார். நீலச் சட்டை போட்ட ஒருத்தன் அப்பாவைப் பின்னாலிருந்து கீழே தள்ளிட்டு ஓடினான். அவனைப் பார்த்தது நான் மட்டும்தான். ஸ்டேஷன்ல அஞ்சு பேரை நிறுத்தினாங்க. தெரியலைன்னுதான் முதல்ல சொன்னேன். 'தெரியலைன்னு சொல்லக்கூடாது கண்ணு, நல்லா பாரு, துணிஞ்சு சொல்லு'ன்னு இன்ஸ்பெக்டர் சொன்னார். மூணாவதா நின்னவரும் நீலச் சட்டை. முகமும் பழகின முகமா இருந்துச்சு. கையைக் காட்டிட்டேன்."

பேராசிரியரின் விரல்களுக்கிடையே உருண்டுகொண்டிருந்த பென்சில் நின்றது.

"பழகின முகம்தான் சார். எங்க ஸ்கூல் பக்கத்துல சைக்கிள் கடை வெச்சிருந்தவர். தினமும் என் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக் கொடுத்தவர். அது எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. அஞ்சு வருஷம் உள்ளே இருந்தார். உண்மையான திருடன் வேற ஒரு கேஸ்ல மாட்டி, இதையும் ஒத்துக்கிட்ட பிறகுதான் விட்டாங்க. மன்னிப்புக் கேட்கப் போனேன். என்னையே பார்த்துக்கிட்டு இருந்தார். 'சைக்கிள் நல்லா ஓடுதா பாப்பா'ன்னு மட்டும் கேட்டார்."

அந்த விடுதலைச் செய்தியைச் செய்தித்தாளின் ஒரு மூலையில் படித்ததும், படித்த வேகத்தில் தாளை மடித்துப் பழைய தாள்களோடு போட்டதும் பேராசிரியரின் நினைவுக்கு வந்தன. கண்டதைக் கண்டபடி அறிந்த சாட்சியாக மேலே ஒருவன் இருக்கிறான் என்று அன்றாடம் கைகூப்புகிறவர்தாம் அவர். அந்தச் சாட்சியை நிமிர்ந்து பார்க்க இப்போது அஞ்சினார்.

"அந்த இன்ஸ்பெக்டர்... இப்போ அவரைப் பார்த்தா உனக்கு அடையாளம் தெரியுமாம்மா?"

அவள் அவர் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள்.

"உறுதியா சொல்ல முடியாது சார். சந்தேகத்தோட ஒருத்தரைக் காட்டக்கூடாது, இல்லையா?"

எத்தனையோ சாட்சிகளை 'அவன்தான்' என்று சொல்ல வைத்தவருக்கு, 'நான்தான்' என்று சொல்ல வாய் வரவில்லை.

அவள் தன் பையைத் திறந்து, ஒரு பென்சிலை எடுத்து, விடைத்தாள் கட்டின்மேல் வைத்தாள். ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். ஒருமுறைகூடச் சீவப்படாதது.

"துணிஞ்சு சொன்னதுக்காக அன்னிக்கு அவர் கொடுத்தது சார்," என்றாள். "எனக்கு அப்போ முழு மார்க்."